ஐந்து பாகம்

மணமேல்குடி புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில், மேசை மேல் மூன்று தொலைபேசிகள் இருக்கின்றன. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. முப்படைப் பயிற்சிக்குத் தளபதியான குணசேகரன் மூன்றையும் மாறி மாறிப் பார்க்கிறார். கடலில் குண்டு போட இன்னும் ஆறு நிமிடம். ஜன்னல் வழியே வரும் காலை வெயில், குண்டு விழும் இடத்தைக் காட்ட வரைபடத்தில் போட்ட சிவப்பு வட்டத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. காவலுக்கு நிற்பவர்களைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்த சொர்ணவல்லிக்கு மூச்சு இன்னும் இரைக்கிறது. "நேத்துப் போன போட்டுங்கய்யா. எஞ்சின் நின்னு, அஞ்சு பாகத்துல கெடக்கோம்னு எங்க வீட்டுக்காரரு போன்ல சொன்னாரு. அப்பறம் லைனே போகல." குணசேகரன் இலுப்பூர்க்காரர், கடல் பேச்சு தெரியாதவர். "பாகம்னா எம்புட்டுத் தூரம்மா?" "தூரமில்லீங்க, ஆழம்." அவள் இரண்டு கைகளையும் விரிக்கிறாள். "இது ஒரு பாகம். இதுமாரி அஞ்சு." அவரும் தன்னையறியாமல் கைகளை விரிக்கிறார். "ஒன்பது மீட்டர் சார்," என்கிறார் மேசையருகே நிற்கும் கடற்படை அதிகாரி. வரைபடத்தில் ஒன்பது மீட்டர் ஆழக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் விரல் ஊர்கிறது, சிவப்பு வட்டத்துக்குள் நுழைகிறது, நின்றுவிடுகிறது.

குணசேகரன் விமானப்படைத் தொலைபேசியை எடுக்கிறார். "நிறுத்துங்க." "விமானம் கிளம்பிருச்சு சார். விமானியைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம்." ஜன்னல் கண்ணாடி நடுங்க, கூரைக்கு மேலே இரைச்சல் கடலை நோக்கிப் போகிறது. சொர்ணவல்லி விரித்த கைகளை மடக்கவில்லை. காதில் தொலைபேசியோடு நிற்கும் தளபதியின் மற்றொரு கையும் அரைப் பாகமாய் நீண்டே நிற்கிறது.