எட்டு மீட்டர் ஆழத்தில் மாமியார்

"கீழ போய் எவ்வளவு கத்தினாலும் மேல கேட்காதுல்ல?"

படகின் பின்பக்கத்தில் நின்று, மாப்பிள்ளை தணிந்த குரலில் கேட்டார். காற்று உருளையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்த முக்குளிப்புப் பயிற்சியாளருக்குக் கை அப்படியே நின்றது.

"கத்தவே முடியாது சார். வாயிலதான் காற்றுக் குழாய் இருக்குமே."

"அதை எடுத்துட்டா?"

"எடுத்தா உயிருக்கே ஆபத்து."

"அப்பாடா!" என்றார் மாப்பிள்ளை.

பாறைத் தீவைச் சுற்றி வேறொரு படகுகூட இல்லை. ஆளில்லாத இடமாகக் கேட்டு வாங்கியதே அவர்தான். மூன்று வாரமாக மாமியாரைத் தினமும் நீச்சல் குளத்துக்கு அழைத்துவந்து பழக்கியதும் அவர்தான். பெற்ற பிள்ளைகூட இப்படி மெனக்கெடாது. அதுதான் பயிற்சியாளருக்கு உதைத்தது.

மாமியாருக்கோ கரையை விட்டதிலிருந்து வாய் ஓயவில்லை. "ஏம்பா, கயித்தை இப்படியா சுத்துவாங்க? நங்கூரத்தை மெதுவா இறக்கு, மீன் தலையில விழப்போகுது. மாப்பிள்ளை, அந்த நீச்சல் துடுப்பைக் கால் மாத்தி மாட்டியிருக்கீங்க!"

எஞ்சினை அணைத்த பிறகும் சத்தம் குறையாததால், படகோட்டி சாவியை இன்னொரு முறை திருகிப் பார்த்தார்.

"வீட்டம்மா வரலையா சார்?" என்று பயிற்சியாளர் நூல் விட்டுப் பார்த்தார்.

"ஐயோ, அவளுக்குத் தெரியவே கூடாது. முதல்ல இவங்க விஷயத்தை முடிச்சிடுறேன், அவளை அப்புறம் பாத்துக்கலாம். நீங்க கொஞ்சம் தள்ளியே இருங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்."

பயிற்சியாளர் மாமியாரின் காதருகே குனிந்தார். "அம்மா, கீழ என் பக்கத்தை விட்டு நகராதீங்க."

"எதுக்கு? என் மாப்பிள்ளை இருக்காரே! தங்கமான மனுஷன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

எட்டு மீட்டர் ஆழம். பாறை இடுக்கில் மஞ்சள் மீன்கள் திரிந்தன. மாமியாரிடமிருந்து பேச்சுக்குப் பதில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை அவர் தோளைப் பற்றிப் பாறை மறைவுக்கு நகர்த்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்புப் பைக்குள் கையை விட்டு எதையோ உருவினார்.

பயிற்சியாளர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

கத்தி அல்ல. தண்ணீருக்கடியில் எழுதிக் காட்டும் சின்னப் பலகை. வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்: 'அத்தை, அடுத்த வாரம் எங்க அம்மா வர்றாங்க. இனிமே நம்ம கூடத்தான். உங்க ரூம்லதான்.'

மாமியார் இரண்டு முறை படித்தார். குமிழிகள் உலைநீர் போலக் கொதித்தன. பிறகு பலகையில் தொங்கிய பென்சிலை நிதானமாகப் பிடுங்கி, அடியில் இரண்டே வார்த்தை எழுதினார்.

'மேல வாங்க.'

பயிற்சியாளர் மாப்பிள்ளையின் உருளையில் மீதிக் காற்றைக் காட்டும் மானியைத் திருப்பிப் பார்த்தார்: இன்னும் அரை மணி நேரத்துக்கு அவர் உயிருக்கு ஆபத்தில்லை.