கோட்டம் எடுக்கணும்

"மறுபடியும் வீல் ஆடுதா சார்?"

சைக்கிள் கடை அருள்பாண்டி சலிப்போடு கேட்டார். ஸ்ரீகுமார் ஸ்டூலில் சரிந்தார்.

சர்க்கரை நோய் வந்ததிலிருந்து மனைவி சுஷ்மா தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, அவரையும் எழுப்பி, கஞ்சி கொடுத்து, சைக்கிளில் திருநகரைச் சுற்றிவர அனுப்பிவிடுகிறாள். ஆபீஸ் அசதியே தீராத உடம்பு. ஆனாலும், தனக்காக இவ்வளவு பாடுபடுகிறவளிடம் முடியாதென்று சொல்ல மனம் வரவில்லை.

அருள்பாண்டி கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார்.

"போன வாரம்தான் அம்புட்டுக் கம்பியையும் ஒரே டைட்டா வச்சுக் கோட்டம் எடுத்தேன். தொளதொளன்னு கெடக்கு. தானா லூசாகாது சார், வீட்டுல யாரோ கை வச்சிருக்காங்க. பின்வீல் மட்டுமில்ல, முன்வீலும் இப்படித்தான் இருக்கு."

"முன்வீலுமா?"

ஸ்ரீகுமார் திடுக்கிட்டு எழுந்தார். அவர் திருகி லூசாக்கியது பின்வீலை மட்டும்தான்.

"அவசரமில்ல அண்ணே, ஒரு வாரம் கழிச்சே குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சுஷ்மா கேட்டாள். "எப்போ தருவாராம்?"

"ஒரு வாரம் ஆகுமாம்."

"ஐயோ, அவ்ளோ நாளா?" என்று வருத்தப்பட்டவள், அதே மூச்சில் செல்போனை எடுத்து ஐந்து மணி அலாரத்தை அணைத்தாள்.