உறைக்குள் ஒரு மாதம்

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வந்தவர், காபிகூடக் கேட்காமல் கத்தி அலமாரியின் முன்னால் உட்காருகிறார். பிறைபோல் வளைந்த பன்னிரண்டு கத்திகள், எல்லாம் கையால் அடித்தவை. எண்ணெய் தடவித் துணியில்தான் கிடத்துவார். தோலுறையில் விட்டால் ஈரம் கோத்துத் துருப்பிடித்துவிடும். இன்று துணி காலியாகக் கிடக்கிறது. "தூசி படுமேன்னு நான்தான் ஒண்ணொண்ணா துடைச்சு உறையில போட்டேன். உங்க உசிரே அதுலதானே இருக்கு!" என்கிறாள், தோளுக்குப் பின்னால் நிற்கும் மனைவி. அவர் மெல்ல ஒன்றை உருவுகிறார். சன்னல் வெயிலில் ஒரு பக்கம் பளீரென்கிறது. மறுபக்கம், சுத்தியல் தடங்களின் மேல், மிளகாய்த்தூள் தூவியதுபோலத் துரு. அந்தப் பக்கத்தைத் தன் மார்போடு வைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பிப் பளபளப்பைக் காட்டுகிறார். "கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு." அவள் குனிந்து அதில் முகம் பார்த்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்கிறாள்.