கிழிசல்

மணமேல்குடிக் கடற்கரை வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. இந்துமதி துப்பட்டாவைத் தலையோடு மடிக்கணினியின் மேல் கவிழ்த்துக்கொண்டு குனிகிறாள். செவ்வாயில் கலத்தை இறக்குவதற்காக அவள் வடிவமைத்த பாராசூட், கண்ணுக்கெட்டாத உயரத்தில் பலூனுக்கு அடியில் தொங்குகிறது. அங்கேதான் காற்று செவ்வாயில் இருப்பதுபோல மெலிந்திருக்கும். முந்தைய இரண்டும் விரிந்த வேகத்திலேயே நார்நாராய்ப் போயின. இதுவும் போனால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். "விட்டாச்சும்மா," என்கிறார் வயர்லெஸ்ஸோடு நிற்கும் ஆவுடையப்பன். பாராசூட்டோடு கட்டிய எடைப்பெட்டி பலூனிலிருந்து கழன்று விழ, அதிலுள்ள கேமராவில் கறுத்த வானம் சுழல்கிறது. துணி வெளியே பாய்கிறது, ஆனால் விரியாமல் நனைந்த சேலைபோல முறுக்கிக்கொண்டு துடிக்கிறது. "விரிஞ்சிரு... விரிஞ்சிருடி," என்று அவள் உதடு முணுமுணுக்கிறது. சட்டென்று ஆரஞ்சு வட்டம் திரையை நிறைக்கிறது. ஆவுடையப்பன் கூச்சலிடுகிறார். அவள் அசையவில்லை. வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கீற்று, வானம் தெரிகிற அளவுக்கு. அது உள்நோக்கி நீள்கிறது. "கிழியுதுங்க." அவர் கூச்சல் அறுந்துபோகிறது. கீற்று இன்னும் ஏறி, குறுக்கே தைத்த பட்டை நாடாவில் முட்டி, அதற்குமேல் போகாமல் நிற்கிறது. பெட்டியின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. "என்னம்மா ஆச்சு?" "கிழிஞ்சபடியே தாங்கிப் புடிச்சிருக்குங்க," என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வருகிறது.