வெண்கட்டியால் போட்ட புள்ளடி

ஜனவரிக் காலை இன்னும் வெளுக்கவில்லை. மேசை நடுவே மெழுகுதிரி எரிகிறது. ஆறு மாதம் தபாலில் எழுதப் பழகியவர்கள் பத்து நாள் கூடியிருந்து ஒருவர் எழுத்தை ஒருவர் அலசுகிற டென்மார்க் பள்ளி இது. இன்றைக்கு மாக்கிரட்டின் கதை. மன்னாரில் ஆமிக்குப் பயந்து ஒளித்திருக்கும் தன் தம்பியை எழுதியிருக்கிறாள். ஊதா மையில் உருட்டி எடுத்த பன்னிரண்டு பிரதிகள் சரசரக்கின்றன. நாளை அவை பன்னிரண்டு வீடுகளுக்குப் போகும். கதையை டேனிஷில் பெயர்த்துக் கொடுத்த நித்தியானந்தன் பக்கத்தில் இருக்கிறார்.

“அண்ணை, தம்பியின்ரை பேரை மாத்தினனீங்கள்தானே?” என்று கிசுகிசுக்கிறாள்.

“ஓம் பிள்ளை, பேர் மாத்தியாச்சு. இடத்தை நீர் எழுதினபடியே விட்டிட்டன்.”

அவள் கையை உயர்த்தப் போய் இறக்கிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே விதி. “என்ன துல்லியம்! பார்க்காத ஊர், ஆனால் நேரே போய்விடுவேன்,” என்று வியந்தபடி ஆசிரியை கிர்ஸ்டன் கரும்பலகைக்குப் போகிறாள். வெண்கட்டி கிறீச்சிடுகிறது. கடற்கரை வருகிறது, கோயில் வருகிறது, கோயிலுக்குப் பின்னால் இரண்டு பனை, அவற்றுக்கு நடுவே மீனவர் தங்கும் மீன்வாடி. எல்லாம் அச்சொட்டாக அதனதன் இடத்தில். எதிரே இருப்பவன் அதைத் தன் பிரதியின் ஓரத்தில் பார்த்து வரைகிறான். தம்பி படுத்திருக்கும் வாடியின் மேல் கிர்ஸ்டன் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டு, “சரிதானே?” என்பதுபோலத் திரும்பிச் சிரிக்கிறாள். வாய் திறக்காத மாக்கிரட்டின் தலை தன்பாட்டில் ஆடுகிறது, ஓம் என்று.