ஓடி வா

பாட்டுத் தொடங்கியதுமே அவள் கை வானொலிப் பக்கம் போய்விட்டது.

"விடுங்கோ அக்கா. நல்ல பாட்டு."

சேந்தன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வாடகைக்கு எடுத்த இழுவை வண்டி கடகடத்துக்கொண்டு வந்தது. வெஸ்தரோஸ் நகரில் யாரோ ஒரு சாப்பாட்டு மேசை விற்கிறார்கள். அதை ஏற்றிவரத் தம்பிக்குத் துணையாக அவளும் புறப்பட்டிருந்தாள்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நெஞ்சில் இடிக்கிற தாளம். அதன்மேல் ஹென்ரிக்கின் ஆங்கில ராப். ஒரு காலத்தில் சுவீடன் முழுக்க அவனைத் தெரியும். இப்போது ஞாயிறு காலைகளில், தொண்ணூறுகளின் பாட்டுப் போடும் நிகழ்ச்சியில் மட்டும் வருவான்.

இன்னும் கொஞ்சத்தில் பல்லவி வந்துவிடும்.

பல்லவி அவளுடைய குரல்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அப்போது அவளுக்கு இருபது சொச்சம் வயது. ஸ்டாக்ஹோமின் புறநகரில் ஒரு நிலவறை ஸ்டூடியோ. பாட வரவேண்டியவள் வரவில்லை. இளைஞர் மன்றத்தில் பாடுகிற தமிழ்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹென்ரிக் தடிமன் பிடித்து, மூக்கை உறிஞ்சியபடி நின்றான். ஆங்கில வரிகள் அவள் வாயில் இடறின. திரும்பத் திரும்பப் பாடியும் சரிவரவில்லை.

"வார்த்தையை விடு," என்றான் ஹென்ரிக். "தூரத்தில் நிற்கும் யாரையோ கூப்பிடுவதுபோல் ஒரு சத்தம் போடு."

அவள் கண்ணை மூடினாள்.

ஓடி வா.

ஓடி வா, ஓடி வா.

கண்ணாடிக்கு அப்பால் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் ஹென்ரிக் கேட்டான், அதற்கு என்ன அர்த்தம் என்று.

ஒன்றுமில்லை, வெறும் சத்தம் என்றாள்.

அந்தச் சத்தத்துக்கு ஊர் ஊராகக் குதித்தார்கள். வீடியோவில் வெள்ளிநிறக் காற்சட்டை போட்ட உயரமான பெண்ணொருத்தி அதற்கு வாயசைத்தாள். பாடியவளுக்கு அதில் வருத்தமில்லை. வாய் யாருடையதாக இருந்தால் என்ன.

கூப்பிட்டது வாகீசனை.

வாகீசன் அவளுக்கு இளையவன், சேந்தனுக்கு மூத்தவன். ஊரில் ஷெல் விழத் தொடங்கிய மத்தியானம், எல்லாரும் குறுகிய ஒழுங்கையால் கோயிலடிக்கு ஓடினார்கள். அவன் மட்டும் சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனான். ஒழுங்கை முடக்கில் நின்று அவள் கூப்பிட்டாள். வாறன் என்று கையைக் காட்டினான்.

வரவில்லை.

சேந்தன் அன்று கரவெட்டியில், மாமி வீட்டில் இருந்தான். அண்ணன் செத்தது தெரியும். அக்கா நின்று கூப்பிட்டது தெரியாது.

கடைகளில், பனிச்சறுக்குத் திடலில், யாரோ பிள்ளையின் பிறந்தநாளில் அந்தப் பாட்டு வந்தால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அம்மாவுக்கு டான்ஸ் பாட்டு ஒத்துவராது என்று மகள்மார் சொல்லிக்கொள்வார்கள்.

பல்லவி வந்தது.

சேந்தன் சத்தத்தைக் கூட்டினான்.

"இந்த இடம். வடிவாக் கேளுங்கோ அக்கா. ஓடி வா எண்டு தமிழில கூப்பிடுற மாதிரி இல்லையோ?"

அவன் வீதியைப் பார்த்தபடியே தொடர்ந்தான்.

"இங்க வாற வழியில, மொஸ்கோவில ஏஜென்சிக்காரர் எங்களை ஒரு அறைக்குள்ள அடைச்சு வச்சிருந்தாங்கள் எல்லே. கீழ ஒரு கசெட் கடை. விடிஞ்சாப் பொழுதுபட்டா இந்தப் பாட்டுத்தான். ஒருத்தி தமிழில கூப்பிடுறாள் எண்டு சொன்னன். உனக்கு விசர் எண்டாங்கள்."

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"இருந்து இருந்து அலுத்து, பொலிஸிட்டப் பிடிபட்டு ஊருக்கே திரும்பிப் போவம் எண்டு கொஞ்சப் பேர் வெளிக்கிட்டவை. நானும் பையைக் கட்டிட்டன். படியால இறங்கேக்க இந்தப் பாட்டுப் போகுது. திரும்பி மேல ஏறிட்டன். ஏனெண்டு இண்டைக்கும் தெரியாது."

"போன ஆக்கள்?"

"ரெண்டு பேரைக் கொழும்பில வச்சே பிடிச்சவங்கள். பிறகு ஒரு கதையும் இல்லை."

வீதியின் இரு பக்கமும் பைன் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அது நான்தான்," என்றாள்.

"என்ன நீங்கள்தான்?"

அவள் வாயைத் திறந்து பாடினாள். ஐம்பதைத் தாண்டிய குரல். மேலே போகையில் உடைந்தது. ஆனால் 'வா'வின் முடிவில் வரும் இழுப்பு அதே இழுப்பு. வானொலிக் குரலும் அவள் குரலும் கொஞ்சத் தூரம் சேர்ந்து போயின.

காரின் வேகம் தானாகக் குறைந்தது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்து முந்திப் போயிற்று. அவன் அடுத்து வந்த ஒதுக்கிடத்தில் காரை நிறுத்தினான்.

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் ஹென்ரிக்கின் பெயரையும் வெள்ளிக் காற்சட்டைக்காரியின் பெயரையும் சொன்னார்.

"அக்கா." அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. "அப்ப, ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

சைக்கிளின் ஹாண்டிலை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையைக் காட்டிக்கொண்டு ஒழுங்கையில் ஒரு பொடியன் வருகிறான்.

கொஞ்சம் பொறு என்று அவனிடம் மனதுக்குள் சொன்னாள்.

தம்பியைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. பதிலுக்காகக் காத்திருந்தான்.

"உன்னைத்தான்," என்றாள். "வேற ஆரை?"