இடது கண்

“இதுவும் உங்க கைதான், கெர்லிண்ட்.”

மேஸ்திரி வோல்க்மார் வைக்கோல் ஒட்டிய பெட்டியிலிருந்து சுட்ட மண் பொம்மையான தோட்டக் குள்ளனை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சிவப்புக் குல்லாய், வெள்ளைத் தாடி, கையில் சுரங்க விளக்கு. பாதத்தின் அடியில் அவளுடைய பெயரின் முதலெழுத்து.

“இந்தத் தடவை என்னவாம்?”

“அதேதான். இடது கண் மாறுகண்ணா இருக்காம்.”

மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் கடைக்காரர்கள் அனுப்பியிருந்த கடிதத்தை அவர் உரக்கப் படித்தார். வண்ணம் தீட்டும் பன்னிரண்டு பெண்களும் தூரிகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இது மூன்றாவது புகார். மூன்றும் அதே கடை, அதே இடது கண், அதே கெர்லிண்ட்.

“எல்லை தாண்டிப் போற சாமான். மேற்குல இருக்கறவன் நம்மளப் பார்த்துச் சிரிக்கணுமா?”

“நான் ஒருதரம் பார்க்கறேன், கொடுங்க.”

“பார்த்துப் பார்த்துத்தானே வரைஞ்சீங்க?” குள்ளனைத் தன் மேல்கோட்டுக்குள் சுற்றிக்கொண்டார். “திரும்பி வந்ததை நான்தான் உடைக்கணும். அது விதி.”

கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதை அணைத்துக்கொண்டு போனார். உடைக்கப்போகிற பொருளுக்கு இவ்வளவு பவ்வியமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து மேசை உர்சல் குனிந்தபடியே கேட்டாள். “காலையில என்னடி குடிச்சிட்டு வர்ற? காபிதானா?”

“உன் குள்ளன்தான் மூக்கு செவந்து நிக்கிறான். அவன் வாயை மோந்து பாரு.”

சிரிப்பு எழுந்தது. கெர்லிண்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டக் குள்ளன் பழைய முதலாளிகள் காலத்து அற்ப ரசனை என்று கட்சிக் கூட்டத்தில் பேசுவார்கள். மறுநாள் காலை, மேற்கின் பணத்துக்காக நானூறு குள்ளர்களுக்குக் கண் வரையச் சொல்வார்கள். பதினோரு வருஷமாக அவள் வரைந்துகொண்டிருக்கிறாள்.

குள்ளன் பூமிக்கடியில் புதையல் காத்தவன் என்பது இந்த மலைப்பக்கத்துச் சுரங்கக்காரர்களின் கதை. அவன் சும்மா நிற்பதில்லை, எதையாவது காத்துக்கொண்டுதான் நிற்பான் என்பார்கள். பார்வை கோணினால் காவல் கோணிவிடும். அதனால் கண்ணை மட்டும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வரைவாள்.

போதாததற்கு, தங்கையின் மாறுகண்ணைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அந்தக் கண்ணுக்குத் தினமும் துணிப்பட்டை கட்டி அவிழ்த்தது அவள் கைதான். நேரான பார்வை எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் இரண்டாவது புகார் வந்தபோது கண் டாக்டரிடம் போனாள். குறையே இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். அதன்பின் ஒவ்வொரு குள்ளனுக்கும் மூக்கிலிருந்து இரண்டு கண்ணுக்கும் நூல் பிடித்து அளந்தாள். இரவில் பல் தேய்க்கும்போது, கண்ணாடியில் தன் கண்களே கோணலாகத் தெரிந்தன.

மூன்று புகார் வந்தால் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு மண் பிசையும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். வேறொருத்தியாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். கெர்லிண்டின் பெயர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. தங்கை ஹைக்கே நாலு வருஷத்துக்கு முன் மேற்கே ஓடிப்போனவள். போனவளிடமிருந்து ஒரு வரி இல்லை. எழுதவில்லையா, எழுதியதை நடுவில் யாரோ எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கவும் இடமில்லை. மனம் நொந்த நாட்களில் கெர்லிண்ட் அவளையும் சேர்த்தே திட்டினாள். நீ போய்விட்டாய், உனக்கென்ன?

மத்தியானச் சூப்புக்கு மணி அடித்தது. எல்லோரும் கிண்ணத்தோடு வரிசைக்குப் போக, அவள் நூலை எடுத்துக்கொண்டு சூளைக்குப் பின்னால் போனாள்.

தாமதமாகிவிட்டது. சுத்தியல் மேஸ்திரியின் கையில் இருந்தது. குள்ளன் சில்லுசில்லாகக் கிடந்தான்.

“சாப்பிடப் போங்க, கெர்லிண்ட்.”

“நான் அளக்கணும். கோணலா இருந்தா நானே மண் பிசையப் போறேன். நீங்க எழுதிக்கூட அனுப்ப வேண்டாம்.”

மண்டியிட்டுச் சில்லுகளைக் கிளறினாள். வயிற்றுப் பகுதியின் உட்புறத்தில் ஒட்டுநாடா ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது. அதைத் தள்ளிவிட்டு முகத்தை எடுத்தாள். முகம் மட்டும் உடையாமல் இருந்தது. மூக்கிலிருந்து வலது கண்ணுக்கு நூல் பிடித்தாள், பிறகு இடது கண்ணுக்கு. மறுபடியும் ஒருமுறை பிடித்தாள்.

“பாருங்க. மயிரிழை பிசகில்ல.”

“தெரியும்.”

“தெரியுமா?” அவள் எழுந்துவிட்டாள். “தெரிஞ்சுக்கிட்டேவா அத்தனை பேர் முன்னாடி என்னைக் கூனிக்குறுக வச்சீங்க?”

“சத்தமாத் திட்டினாத்தான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

வோல்க்மார் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சூளையின் வாயைத் திறந்து, உள்ளங்கையில் கசங்கியிருந்த எதையோ உள்ளே போட்டார். சிகரெட் தாள் அளவுக்கு மெல்லிய காகிதம். அதில் பொடி எழுத்துகள் இருந்ததை, அது சுருண்டு கருகும்போதுதான் அவள் பார்த்தாள்.

“முதல் ரெண்டை உடைச்சு இதே மாதிரி கடுதாசி கெடைச்சப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.” சூளையின் இரைச்சலுக்குள் அவர் குரல் இறங்கியது.

“உங்க தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு கண்ணும் நேரா இருக்காம்.”